தேவ அன்பின் எல்லை குறித்து எங்கள் சபையின் நிலைப்பாடு

மலேசியாவின் ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவராகவும் மற்றவர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பவராகவும் இருப்பது புதுமையன்று. அத்தகைய வீட்டில் மரணம் நேருங்கால், விசுவாசியாகாமலே கண்மூடிய தாயைத் தேவன் நேசித்தாரா என்று மகன் கேட்பதும், தெரிந்துகொள்ளப்பட்டோரை மாத்திரமே அவர் நேசிக்கிறார் என்னும் போதனையை எங்கேயோ செவியுற்றுக் கலங்குவதும் அண்மையில் மிகுந்துவருகின்றமையால், மூப்பர்களாகிய நாங்கள் எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தேவன் மனிதர் அனைவரையும் பட்சபாதமின்றி நேசிக்கிறார் என்பதே எங்கள் விசுவாசம். அந்த அன்பு, நல்லோர்க்கும் தீயோர்க்கும் வெயிலையும் மழையையும் பொதுவில் வழங்கும் பராமரிப்போடு நின்றுவிடுவதன்று; கிறிஸ்து சிலுவையில் மரித்ததும் அனைவர்க்காகவுமே.

வழக்கு பழையது. 1618-19-இல் ஒல்லாந்து தேசத்து டோர்ட் நகரில் கூடிய மாமன்றம், கிறிஸ்துவின் மரணம் உலகனைத்துக்கும் போதுமானதாயினும் அதன் இரட்சிக்கும் பலன் தெரிந்துகொள்ளப்பட்டோர்க்கே கருதப்பட்டது என்று தீர்த்தது. அவர்களுக்காக மட்டுமே அவர் மரித்தார் என்பதைப் பாப்பரசர் பத்தாம் இன்னொசெந்து 1653-இல் பதிதக் கொள்கை என்றார். 1739-இல் ஜான் வெஸ்லி அக்கொள்கையை எதிர்த்துப் பிரசங்கித்துத் தம் நண்பர் ஒயிட்ஃபீல்டின் மனத்தாங்கலுக்கு ஆளானார். 1903-இல் அருகிலுள்ள சித்தியவானில் குடியேறிய ஃபூச்சோ சீனர்கள் கொண்டுவந்தது அந்த வெஸ்லியின் மார்க்கமே.

மறுதரப்பார் எடுத்துக்காட்டுவது ரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம். யாக்கோபு நேசிக்கப்பட்டான், ஏசா வெறுக்கப்பட்டான் என்னும் மல்கியாவின் வாக்கைப் பவுல் அங்கே கையாளுகிறார். அதன் கடுமையை நாங்கள் மழுப்ப விரும்பவில்லை. ஆயினும் மல்கியா பேசுவது ஏதோம் தேசத்தைக் குறித்தேயன்றித் தனி ஆத்துமாக்களின் நித்திய கதியைக் குறித்தன்று; பவுலோ, அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், விசுவாசியாத தம் இரத்த உறவினர்க்காகத் தாமே சபிக்கப்பட்டவராகவும் சம்மதம் என்று மனம் வெதும்பியவர், பதினோராம் அதிகாரத்தின் இறுதியில் எல்லார்மீதும் தேவன் இரக்கங்கொள்ளக் கருதியதையே சொல்லி வியந்து நிற்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவைப்பவர், ஒரு தரப்பை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதும் பஞ்சாயத்தாரை ஒப்பர். தாய்க்காகக் கலங்கும் மகனுக்குப் பவுலே துணை என்போம்.

இதனால் எல்லாரும் இரட்சிக்கப்பட்டே தீருவர் என்று நாங்கள் போதிக்கவில்லை. நேசிக்கப்படுவது ஒன்று, அந்நேசத்துக்கு இணங்குவது மற்றொன்று. மறுக்கும் சுதந்தரம் மனிதனுக்குண்டு. ஆனால் இன்னார் மறுத்தே போனார் என்று அளந்துரைக்கும் அதிகாரம் எங்களுக்கில்லை. எங்களுள் ஓரிருவர் இதனினும் அதிகமாக நம்புகின்றனர். அதை நாங்கள் தடுக்கவுமில்லை.

பிறர் சித்தாந்தத்தைக் கண்டிப்பது எளிது; ஆனால் அன்புக்கு எல்லை வகுக்கும் குற்றம் எங்கள் நடத்தையிலும் உண்டு. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று கட்டளையிட்டபோது தஞ்சைக் கிறிஸ்தவர்கள் பலர் முரண்டு நின்றனர். கப்பலேறி வந்த எம் முன்னோரும் அவ்வேற்றுமையைக் கடலில் எறிந்துவிட்டு வரவில்லை என்பதற்கு, இன்றும் கல்யாணப் பேச்சில் தாழ்ந்த குரலில் விசாரிக்கப்படும் அந்த ஒரு கேள்வியே சாட்சி.

ஆகையால் எங்கள் பிரசங்க பீடத்திலிருந்து, உயிரோடிருப்பவரையோ மரித்தவரையோ, தேவனால் வெறுக்கப்பட்டவர் என்று எவரும் சொல்லலாகாது. இந்து உறவினர் இறந்த வீட்டுக்கு மூப்பர்கள் செல்லவேண்டும். அவ்வீட்டாரின் சடங்குக்கு இடையூறு செய்யாமல், விரும்புவோரோடு மட்டும் ஜெபிக்கவேண்டும். சபையிடமிருந்து அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பெறுவோரிடம் ஆராதனைக்கு வருமாறு நிபந்தனை விதிக்கலாகாது. சாதி விசாரித்துப் பெண் பார்க்கும் காரியத்துக்கு எந்த மூப்பரும் தூது போகலாகாது. எங்கள் கூட்டத்தில் நெடுநேரம் வாதிக்கப்பட்டது இக்கடைசி விதி ஒன்றுதான்.