வேரோடு பிடுங்காதீர்கள்!

இத்தீவுகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சளிக்குத் தூதுவளை, இருமலுக்கு ஆடாதோடை என்ற கைவைத்தியம் இன்னும் மறையவில்லை. அந்தச் செடிகள் கொல்லையிலேயே வளர்வதால் மூலிகைக்கு அழிவில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் கவலைக்குரியவை கொல்லைக்கு வராத மலை மூலிகைகள்தான்.

நம் பொதிகை மலைத் தொடரையே எடுத்துக்கொள்வோம். 1987-இல் அங்கே ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், ஒரு சிறு செடியின் காயைத் தின்றபடி களைப்பின்றி நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையம் அதைக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மஸிக்குத் தயாரிப்பு உரிமை தரப்பட்டது. கிடைக்கும் உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலக நாடுகள் எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு இது.

ஆனால் மருந்துக்கு வேண்டியது இலை மட்டுமே. இலையைக் கிள்ளினால் செடி மீண்டும் துளிர்க்கும். காசு கிடைக்கும் என்றதும் செடியையே வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு; வனத்துறை குறுக்கிட நேர்ந்தது. காட்டு மரநிழலில் செழிக்கும் செடியை வேறிடத்தில் வளர்த்து ஈடுகட்டுவதும் எளிதன்று.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வட அந்தமானில் 732 மீட்டர் உயர்ந்து நிற்கும் சேடில் சிகரம் இன்று தேசியப் பூங்கா. சட்டம் செடியைக் காக்கும், சரி. அதன் பயனை அறிந்தவரின் நினைவை எந்த வேலி காக்கும்? நிகோபாரி வைத்தியர்களின் அறிவும் நம் பாட்டிமாரின் அறிவும் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டால்தான் தங்கும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள். சங்க வளாகத்தில் ஒரு மூலிகைப் பாத்தி போடுவோம். பெரியவர்கள் சொல்லும் பெயரையும் பயனையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டில் எழுத வைப்போம். காட்டிலிருந்து தோண்டிய வேரை யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்க மறுப்போம்.

பிழைக்க வந்த மண் நமக்குச் சோறு போட்டது. அதன் காட்டுக்குக் கேடு செய்யாமல் இருப்பதே நாம் காட்டும் நன்றி.