பேத்தை மீன் தின்ற நாய் பிழைக்குமா?

காட்டுப்பள்ளிக் கடற்கரையில் வலை கரையேறியதும் நாயும் பூனையும் அங்கே ஆஜர்! மீனவர் கழித்து எறிவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. அந்தக் கழிவில் பேத்தை மீன் கிடந்தால் வந்தது ஆபத்து.

பந்துபோல் உப்பும் இந்த மீனின் ஈரலிலும் சினையிலும் கொடிய விஷம் உண்டு. வேக வைத்தாலும் போகாது. 1774-ல் கேப்டன் குக் நியூ கலிடோனியா தீவில் இதைக் கொஞ்சம் ருசி பார்த்தார். கைகால் மரத்துப் போனாலும் அவர் பிழைத்துக்கொண்டார். குடலைத் தின்ற பன்றி செத்தே போயிற்று!

விஷம் ஏறிய நாய் வாந்தி எடுக்கும். தள்ளாடும். பிறகு மூச்சுத் திணறும். உடனே உப்புத் தண்ணீரையும் எண்ணெயையும் வாயில் ஊற்றுவோர் உண்டு. இது பெருந்தவறு. விழுங்கும் சக்தி போன பிராணிக்கு அது நுரையீரலில்தான் இறங்கும்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் டாக்டர் செயற்கையாக மூச்சு ஓட வைத்தால், ஒரு நாளில் விஷம் இறங்கிப் பிழைக்க வழி உண்டு. ஆகவே எண்ணெய் தேடும் நேரத்தில் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதே மேல்.

வேப்பேரியில் பெரிய கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் காட்டுப்பள்ளியிலிருந்து அது எத்தனை தூரம்! வலையைக் கடிக்கும் எலியைப் பிடிக்கும் பூனை அதுவரை தாங்குமா? பேத்தையை மணலில் வீசாமல் ஆழமாகப் புதைக்க ஒரு மண்வெட்டியும் ஐந்து நிமிஷமும் போதும்.