ஊறுகாய் டப்பாவுக்கு அடியில்



சில வாரங்களுக்கு முன் ஒரு வீட்டாரின் பயண ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். விடுப்பு முடிந்த மூத்த மகன் மறுநாள் மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறவேண்டும். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அதிரசம், இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். என் பார்வை அங்கே நின்றதைத் தாயார் கண்டுகொண்டார்கள். "ஹான்ஸ்தான்யா. ரூம்ல இருக்கிற பசங்க கேட்டாங்களாம், அங்க கெடைக்காதாம்" என்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பெட்டியையும் சேர்த்து ஆசீர்வதித்து ஜெபித்தேன். காப்பி குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

"அங்கே கிடைக்காது" என்பதை ஏதோ கறிவேப்பிலை கிடைக்காததைப் போலச் சொல்லுகிறோம். அது கிடைக்காமற்போனதல்ல, விலக்கப்பட்டது. குட்கா, கைனி, ஜர்தா, மூக்குப்பொடி முதலியவற்றைச் சிங்கப்பூர் 2016 ஆகஸ்டு முதல் தடைசெய்திருக்கிறது. மெல்லும் புகையிலை அந்நாட்டிற்குள் கொண்டுவரவே கூடாத பொருள். அடுத்த மாதமே இலங்கையும் புகையில்லாப் புகையிலையின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. ஆகையால் கொழும்புக்குப் போகிறவர்களும் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். சுங்க அதிகாரியின் முன் பெட்டியைத் திறந்து நிற்கப்போவது கேட்டனுப்பிய அறைத் தோழர்கள் அல்லர். வேலை அனுமதியை நம்பிக் கடன் வாங்கிப் போன உங்கள் பிள்ளை.

வெளிநாட்டை விடுவோம், நம் ஊர் என்ன வாழ்கிறது? 2013 மே மாதம் தமிழ்நாடு அரசு குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024இல் நம் மதுரைக் கிளையிலேயே, பள்ளிப் பிள்ளைகள் கூல் லிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்காரும் அவலத்தை நீதிபதி கவலையோடு எடுத்துப் பேசினார். இத்தனைக்குப் பிறகும் பெங்களூரு போய்வருகிற சகோதரர்கள் ஆம்னி பேருந்தில் "எனக்கென்று பத்துப் பாக்கெட்" கொண்டுவருகிறார்கள். சொந்த உபயோகந்தானே என்பது அவர்கள் வாதம். அந்தப் பத்தில் எத்தனை, டியூஷன் முடிந்து வரும் பக்கத்து வீட்டுப் பையனின் கைக்குப் போகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

படித்த வாலிபர் ஒருவர் என்னிடம் சுவீடன் நாட்டைக் காட்டினார். அங்கே 'ஸ்னஸ்' உதட்டில் வைக்கிறார்கள், என்ன கெட்டுவிட்டது என்றார். ஐரோப்பிய ஒன்றியம் 1992 முதல் ஸ்னஸ் விற்பனையைத் தடுத்திருப்பதையும், சுவீடனுக்கு மட்டும் விலக்கு இருப்பதையும் அவர் சொல்லவில்லை. அது நைட்ரோசமைன் குறையும்படி வெப்பத்தில் பதப்படுத்தப்படுவது. நம் பெட்டிக்கடைச் சரக்கை அதனோடு ஒப்பிடுவது நியாயமா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையில்லாப் புகையிலையை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாகவே வைத்திருக்கிறது. பாக்கும் அதே வகையில் இருக்கிறது. (சோழவந்தான் வெற்றிலையின்மேல் எனக்கு வழக்கில்லை, அதற்குள் மடிக்கப்படுவதன்மேல்தான்.) 2016–17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயதுவந்தோரில் 21.4 சதவீதத்தினர் இவ்விதமாகப் புகையிலையை உபயோகிக்கிறார்கள். புகைப்பவர்களோ 10.7 சதவீதம். பீடியைக் கண்டித்துப் பிரசங்கித்த நாங்கள் வாயை மூடிய பாவத்தை வாய்மூடிப் பார்த்திருந்தோம்.

ராகேல் தன் தகப்பன் வீட்டுச் சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்தின்கீழ் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்ததை அறிவீர்கள். யாக்கோபு அதை அறியாமல் எவரும் சோதித்துப் பார்க்கலாமென்று துணிந்து பேசினான். எனக்கு யாக்கோபின் சாக்குக்கூட இல்லை. நான் கண்ணால் கண்டேன்.

மறுநாள் விடியுமுன்னே அந்தத் தாயாருக்குத் தொலைபேசியில் பேசினேன். பொட்டலத்தை எடுத்துவிடச் சொன்னேன். "பையன் கோச்சுக்குவான்யா" என்றார்கள். கோபித்துக்கொள்ளட்டும், என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். பின்பு அந்தப் பிள்ளையே பேசினார். அறைத் தோழர்களுக்கு மட்டுமல்ல, தமக்கும் அது வேண்டியிருக்கிறதென்று அப்போதுதான் சொன்னார். ஏழு வருஷமாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணையும், 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைப்பதையும் கூறினேன். ஆனால் சிங்கப்பூர் சூயிங்கத்திற்கும் கட்டுப்பாடு வைத்திருப்பதால், அதைப் பெட்டியில் வைக்காமல் அங்குள்ள மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னேன். வெகுநேரம் மௌனமாயிருந்தார்.

இனி என்னைப் பயண ஜெபத்திற்கு அழைக்கிறவர்கள் பெட்டியைப் பூட்டாமல் வைத்திருங்கள். நான் கேட்பேன்.