மண்வாசனை பேசுவோர்க்கு

'மண்வாசனை' என்னும் சொல்லை நம்மைப்போல் தாராளமாகச் செலவழிக்கும் இலக்கிய உலகம் வேறு உண்டா என்பது ஐயமே. நாவலொன்றில் நாலு வட்டாரச் சொற்கள் வந்தால் போதும், மதிப்புரைக்காரர் அந்த முத்திரையைக் குத்திவிடுவார். அந்த வாசனை எங்கிருந்து வருகிறதென்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மண்ணில் வாழும் ஆக்டினோமைசீட்ஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் சேர்மத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அதாவது, அது உயிருள்ள மண்ணின் மணம். சிமெண்ட் தளத்துக்கு அந்த உயிர் இல்லை.

தமிழ் படித்த நமக்கு இது புதிய பாடமன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். மரமும் மாவும் புள்ளும் அதன்பின் வரும் கருப்பொருள்கள். செம்மண்ணில் கலந்த மழைநீரை உவமையாக்கிய புலவருக்கு அந்த உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் என்று நிலைத்தது. அந்தக் கலப்பு நிகழ வேண்டுமானால் மண் வானத்துக்குத் திறந்திருக்க வேண்டும். இன்றைய சென்னைத் தெருவில் பெய்யும் மழை எதனோடு கலக்கிறது? சாக்கடையோடுதான்.

சென்னையின் மண்ணும் ஒரே மண்ணன்று. கடலோரத் திருவான்மியூரில் மணல், மேற்கு மாம்பலத்தில் களிமண், கிண்டிப் பக்கம் பாறை. நகரமோ எல்லாவற்றின் மேலும் ஒரே தளக்கல்லைப் பதிக்கிறது. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி, நீரும் காற்றும் உலவும் துளைகள்தாம். அவை அடைபட்டால் வேரும் மண்புழுவும் மூச்சு முட்டும். கிண்டி தேசியப் பூங்காவில் உதிரும் இலை மட்கி மண்ணாகிறது. மதிலுக்கு வெளியே அதே இலை குப்பையாகி லாரி ஏறுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பை வீண்நிலமென்று எண்ணிக் குப்பை கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். அதன் பெரும்பகுதி அழிந்தபின், 2022இல், எஞ்சியது ராம்சார் பட்டியலில் ஏறியது.

திறந்த மண் சேறாகும், கொசு பெருகும் என்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது தொட்டியிலும் டயரிலும் தேங்கிய நீரை. நீரை உறிஞ்சும் மண்ணில் அதற்கு என்ன வேலை? சேறு செருப்பில் ஒட்டும், உண்மைதான். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தைவிட அது பெரிய தொல்லையா? அந்தப் பெருமழையைத் திறந்த மண் மட்டுமே தாங்கியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. தாங்கக்கூடியதையும் தாங்கவிடாமல் மூடினோம் என்கிறோம்.

தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமெண்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. மரத்தடியில் ஒரு மீட்டர் மண் கிடைக்கவே தீர்ப்பாயம் தேவைப்படுகிறது. நமக்கு ஆணை எதற்கு? நம் கல்லூரி முற்றங்களும் நூலக வாசல்களும் இலக்கியக் கூட்டம் நடக்கும் அரங்க வளாகங்களும் நம் கண்முன்தான் இருக்கின்றன. அங்கே மரத்தடிச் சிமெண்டைப் பெயர்க்கச் சொல்லிக் கேட்போம். உதிர்ந்த இலையை அங்கேயே மட்க விடச் சொல்வோம். மண்வாசனையைப் பற்றி அதன்பிறகு எழுதலாம்.