பற்றுக்குத் தவணை வேண்டும்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோதும் வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் வந்து போனது. விசைப்படகுகளோ கரையில் கிடந்தன. கூலி நின்ற வீடுகளில் அடுப்பு எரிந்தது நம் சில்லறைக் கடைகளின் பற்று நோட்டால்தான். போனில் சாமான் லிஸ்டு வரும். "அண்ணாச்சி, அடுத்த மாசம் தாரேன்" என்ற குரலும் வரும். தனியாக இருந்த முதியவர்கள் சாமான் சொல்லி முடித்தும் போனை வைக்க மாட்டார்கள். கடை திறப்பதும் லேசாக இல்லை. அந்த ஜூனில் சாத்தான்குளத்தில் கடை நேரப் பிரச்சினையில் கைதான ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு மாண்டதை நாம் மறக்கவில்லை.

ஆனால் 20 வருஷம் எங்களுக்குச் சரக்கு போட்ட மொத்தக் கடையே அன்று ரொக்கம் கேட்டது. அவர்களுக்கும் நெருக்கடி உண்டு, சரி. பாரம் முழுவதும் சில்லறைக் கடை தலையிலா? இனி அப்படியொரு காலம் வந்தால் 30 நாள் தவணை என்று சங்கம் இப்போதே தீர்மானம் போடட்டும்.