மண்ணில் பிறந்த சிவப்பு யாருக்குச் சொந்தம்?

"கிருமியிலிருந்து சாயம் எடுப்பதைப் பற்றி ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் என்ன கவலை? அது படித்தவர்கள் சமாசாரம்" என்று சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லத்தான் வேண்டும்.

புற்றுநோய் வார்டுக்குள் போய்ப் பாருங்கள். ரத்தம் போல் சிவந்த ஒரு மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். டாக்ஸோரூபிசின் என்பது அதன் பெயர். மார்பகப் புற்று, ரத்தப் புற்று முதலிய பல வகைப் புற்றுக்கு அதைக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதுவும் உண்டு.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? எந்தக் கோடீஸ்வரனின் பெட்டியிலிருந்தும் வரவில்லை. மண்ணிலிருந்து வந்தது! தெற்கு இத்தாலியில் காஸ்டெல் தெல் மோன்டே என்ற பழங்கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு பாக்டீரியா இருந்தது. அது டானோரூபிசின் என்ற சிவப்புச் சாயத்தைச் சுரந்தது. 1960-களில் விஞ்ஞானிகள் அந்தக் கிருமியை ரசாயனத்தால் தாக்கி, குணம் மாறிய வாரிசு ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணு கூடுதலாக உள்ள டாக்ஸோரூபிசினை அந்த வாரிசு தந்தது. ஆனால் கொஞ்சமாகத்தான் தந்தது. அதனால்தான் பெரும்பாலும் டானோரூபிசினைத் தொட்டியில் விளைவித்து, பிறகு ரசாயன முறையில் மாற்றி மருந்து செய்கிறார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கிருமி தன் தேவைக்குத்தான் சாயம் சுரக்கும். மனிதன் தேவைக்குச் சுரக்க வைக்க வேண்டுமானால் அதன் குணத்தை மாற்ற வேண்டும். தீனியை மாற்ற வேண்டும். சூடும் காற்றும் அளவோடு கொடுக்க வேண்டும். விளைச்சல் பெருகினால் அடக்கவிலை குறையும். நோயாளி கொடுக்கும் விலையும் குறையுமா? தொட்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது!

நம் ஊர்க் கதையையும் கேளுங்கள். செராஷியா என்ற மண் பாக்டீரியா புரோடிஜியோசின் என்னும் சிவப்பைச் சுரக்கிறது. அதற்கு வழக்கமான ஆய்வுக்கூடத் தீனிக்குப் பதிலாக நிலக்கடலைப் பொடிக் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். சாயம் சுமார் 40 மடங்கு பெருகியது! எள்ளுப் பொடியிலும் கூடியது. 2004-ல் அந்த முடிவை உலகுக்கு வெளியிட்டார்கள். கடலைச் செடி பிடுங்கிக் காய் ஆயும் கூலிப் பெண்ணின் உழைப்பும், ஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கும் சர்வகலாசாலையின் படிப்பும் சேர்ந்து விளைந்த சிவப்பு அது.

நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புரோடிஜியோசின் இன்னும் மருந்தாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் அது புற்றுச் செல்களைக் கொல்கிறது. மலேரியாக் கிருமியை ஒடுக்குகிறது. மனித உடம்புக்கு ஆகுமா என்பது இனிமேல்தான் நிரூபணமாக வேண்டும். அதைச் சுரக்கும் கிருமியே ஆஸ்பத்திரிகளில் நோய் பரப்பக் கூடியது. ஆகவே "இயற்கைச் சாயம், சர்வரோக நிவாரணி" என்று டப்பாவில் அடைத்து விற்க வருகிறவனை விரட்டுங்கள்! ஆனால் நேர்மையான சோதனைக்குக் குடுவைச் சாயம் போதாது. பெரிய தொட்டிகள் வேண்டும்.

அந்தத் தொட்டிகள் நம்மிடம் இருந்தன. 1954-ல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் சர்க்காரின் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் ஆலை பிறந்தது. இட்லி மாவு புளிப்பது போலக் கிருமியைத் தொட்டியில் புளிக்க வைத்துப் பென்சிலின் எடுத்தார்கள் நம் தொழிலாளிகள். ரிஷிகேசத்தில் சோவியத் உதவியோடு இன்னொரு பொதுத்துறை ஆலை எழுந்தது. 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை என்ன தீர்மானித்தது? ரிஷிகேச ஆலையை நடத்திய கம்பெனியை மூடுவது. பிம்ப்ரி ஆலையின் உபரி நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, பிறகு ஆலையையே விற்பது! நான்கு வருஷம் கூட ஆகவில்லை. 2020-ல் மருந்து மூலப்பொருளுக்கு அந்நிய நாட்டை நம்பியிருக்க முடியாது என்று அதே சர்க்கார் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் போட்டது. பட்டியலில் பென்சிலினும் இருந்தது. சொந்தத் தொட்டியை ஏலம் போடுவது, பிறகு பிறர் தொட்டி கட்டப் பொதுப் பணத்தை அள்ளிக் கொடுப்பது! இது என்ன நியாயம்?

"தனியாரிடம் விட்டால் தட்டுப்பாடே வராது" என்கிறார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழில் அடைத்த வகை 2011-ல் அங்கே தீர்ந்து போனது. அதைச் செய்துவந்த ஒரே ஒரு தனியார் ஆலை நின்றதுதான் காரணம். நோயாளிகள் பெயரெழுதி வைத்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் 2012-ல் இந்தியாவில் செய்த மருந்தை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். ஏகபோகத்தின் லட்சணம் இதுதான்!

இன்னொரு வேலியும் இருக்கிறது. நம் பேட்டண்ட் சட்டப்படி இயற்கையில் கிடைத்த கிருமி யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் 2002-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனிதன் குணம் மாற்றிய கிருமிக்குத் தனியுரிமை கேட்கலாம். அதாவது விளைச்சலைப் பெருக்கும் இடத்தில்தான் வேலி விழுகிறது! பொதுப் பணத்தில் பெருக்கிய விளைச்சலை ஒருவன் வேலிக்குள் அடைத்தால், விலை கொடுக்கப் போவது யார்? பஞ்சுத் தூசியை விழுங்கும் ஆலைத் தொழிலாளியும், வயலில் வதங்கும் கூலியும்தான்.

ஆகவே நாம் கேட்கிறோம்: சர்வகலாசாலைகளில் பிறக்கும் உயர்விளைச்சல் கிருமிகள் பொதுச் சொத்தாக இருக்கட்டும். பொதுத்துறைத் தொட்டிகள் மறுபடி ஓடட்டும். அவற்றில் விளையும் மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கட்டும்.

மண் நம்முடையது. கடலை நம் கை விளைவித்தது. படிப்புக்குப் பணம் நம் வரி. சிவப்பு மட்டும் இன்னொருவன் பெட்டிக்குள் போவதா? விடமாட்டோம்!