இல்லங்களிடமிருந்து பறிக்கப்பட்ட நான்கு வாரங்கள்

கார்த்திகை முடியும் முன்னரே நம் இல்லங்களின் முகப்பில் காகித விண்மீன் ஏறிவிடுகிறது. பீடத்தில் குருவானவர் ஊதா உடை அணிந்து, காத்திருத்தலின் மேன்மையைப் பற்றி மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கிறார். அதே வேளையில் ஆலய முற்றத்தில் இளைஞர்கள் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கிறார்கள். பாலகன் பிறந்துவிட்டதாக ஒரு பாட்டு முழங்குகிறது. மறையுரை முடிந்து விசுவாச அறிக்கை தொடங்கும்போது பாட்டின் இரண்டாம் அடியும் தொடங்கிவிடுகிறது. காத்திருங்கள் என்று சொல்லும் குரலும், பிறந்தாயிற்று என்று சொல்லும் குரலும் ஒரே வளாகத்திலிருந்து எழுகின்றன. எந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி வலிமை மிகுதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் மாதத்தின் பரபரப்பைக் கண்டிக்கும் மறையுரைகளுக்கும் கட்டுரைகளுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. அவை யாவும் பெரும்பாலும் கடைத்தெருவையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. துணிக்கடை, அடுமனை, விளம்பரம், இப்போது கைப்பேசியிலேயே விரியும் விற்பனைத் திருவிழா ஆகியவை கிறிஸ்து பிறப்பை வணிகமாக்கிவிட்டன என்பது அவற்றின் முடிவு. அதில் உண்மை உண்டு. ஆயினும் அது வசதியான உண்மை. வணிகர் தம் தொழிலைச் செய்கிறார்; திருவருகைக் காலத்தைக் காப்பதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தைக் காக்கும் பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ, அந்தப் பங்கின் கால அட்டவணையை அல்லவா நாம் முதலில் எடுத்து விரித்துப் பார்க்க வேண்டும்?

விரித்துப் பார்ப்போம். நடுத்தர வருவாய் உள்ள ஒரு கத்தோலிக்கக் குடும்பம். தந்தை ஆலைத் தொழிலாளி, தாய் சிறு நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். டிசம்பர் முதல் வாரத்தில் அன்பியங்களுக்கிடையே பாடல் போட்டி. தாய் அதில் பாட வேண்டும். மறைக்கல்விச் சிறார்களின் கலைநிகழ்ச்சி; மகளுக்கு வானதூதர் வேடம். அந்தச் சிறகுகளை யார் தைப்பது? மகன் பீடச்சிறுவன், அவனுக்குத் தனி ஒத்திகை. இளைஞர் இயக்கம் நடத்தும் குடில் போட்டிக்கு வைக்கோலும் களிமண்ணும் சேர்க்க வேண்டும். பாடல் பவனி எந்நாள் இரவில் எந்நேரம் தம் தெருவுக்கு வரும் என்பது தெரியாது. வரும்போது விழித்திருக்க வேண்டும், காணிக்கை உறை ஆயத்தமாக இருக்க வேண்டும், குழுவினர் முப்பது பேருக்கும் தேநீர் வைக்க வேண்டும். இதற்கிடையே பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு. அது பெரும்பாலும் 23ஆம் நாளை ஒட்டித்தான் முடிகிறது. வானதூதர் வேடமிட்ட சிறுமி மேடைக்குப் பின்னே அமர்ந்து கணக்குப் பாடம் படிப்பதை எந்தப் பங்கிலும் காணலாம்.

பொருளாதாரம் வேறு. நம் மாநிலத்து ஆலைகளிலும் நிறுவனங்களிலும் ஊக்கத்தொகை தீபாவளியை ஒட்டியே வழங்கப்படுகிறது. கிறிஸ்தவத் தொழிலாளியின் கையில் அது கிடைக்கும்போது டிசம்பர் தொலைவில் இருக்கிறது. பள்ளிக் கட்டணம், பழைய வட்டி, மருத்துவச் செலவு என்று அது கரைந்துவிடுகிறது. டிசம்பரில் அவருக்கு எஞ்சியிருப்பது மாதச் சீட்டு, அதுவும் இல்லையேல் மனைவியின் சங்கிலியின் மேல் நகைக்கடன். இந்நிலையில் அன்பியத்துக்கு ஒரு நன்கொடை, பவனிக்கு ஓர் உறை, ஆலய அலங்காரத்துக்குத் தலைக்கட்டு வரி, பொது விருந்துக்கு ஒரு பங்கு என்று ஒரே மாதத்தில் நான்கு முறை அவர் கதவு தட்டப்படுகிறது. தட்டுவது கடைத்தெரு அன்று.

இத்தனைக்கும் மேலே இல்லத்துச் சமையலறை இருக்கிறது. அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அண்டை வீட்டார் அனுப்பிய தட்டு வெறுந்தட்டாகத் திரும்பலாகாது என்பது நம் மண்ணின் நாகரிகம். அதை நாம் குறை கூற மாட்டோம். பதினைந்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும் அந்தத் தாய், எந்தப் பல்சமய உரையாடல் கருத்தரங்கும் செய்ய இயலாததைச் செய்கிறார். ஆனால் அவருக்குச் சமையலறையில் உதவக் கைகள் இல்லை. கணவர் ஆலயத் தோரணம் கட்டப் போயிருக்கிறார், பிள்ளைகள் ஒத்திகையில் இருக்கிறார்கள். 24ஆம் நாள் இரவு பத்து மணி வரை எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றவர், பதினொரு மணிக்கு ஆலயத்தில் வந்தமர்கிறார். நள்ளிரவு மறையுரையின்போது பெண்கள் பகுதியை நோக்கிப் பாருங்கள். அங்கே தலைகள் கவிழ்ந்திருப்பது தியானத்தால் என்று எண்ணிக்கொள்வது குருக்களுக்கு ஆறுதல் தரலாம்.

அத்தகைய தாய் ஒருவர் அன்பியக் கூட்டத்தின் முடிவில் நம்மிடம் சொன்னார்: "கிறிஸ்மஸ் எப்ப முடியும்னு இருக்குது, சாமி." அவர் பக்தியில் குறைந்தவர் அல்லர், நாள்தோறும் செபமாலை சொல்பவர். மெசியா எப்போது வருவார் என்று ஏங்க வேண்டிய காலத்தில், அவருடைய விழா எப்போது தொலையும் என்று ஒரு விசுவாசி ஏங்கும்படி செய்துவிட்டோமானால், அந்தக் காலத்தின் பொருளே தலைகீழாகிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

திருச்சபை இதை விரும்பியதா? 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்த திருவழிபாட்டு ஆண்டுக்கான பொது விதிமுறைகள், திருவருகைக் காலத்துக்கு இரு தன்மைகளைக் காண்கின்றன. இறைமகனின் முதல் வருகையை நினைவுகூரும் பெருவிழாவுக்கு அது ஆயத்தம். இறுதிக் காலத்தில் நிகழவிருக்கும் அவரது இரண்டாம் வருகையை நோக்கி உள்ளங்களைத் திருப்பும் காலமும் அதுவே. ஆகவேதான் ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது: இக்காலத்தில் பீடத்தின் மலர் அலங்காரமும் இசைக்கருவிகளின் முழக்கமும் அளவோடிருக்க வேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடலாகாது என்பது அதன் 305, 313ஆம் எண்களின் கருத்து. பீடத்து மலருக்கே இந்த அளவு என்றால், முற்றத்து ஒலிபெருக்கிக்கு என்ன அளவு?

விதியை எடுத்துக் காட்டினால், "மக்களுக்கு மகிழ்ச்சி வேண்டாமா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. வேண்டும். மகிழ்ச்சிக்கென்றே திருச்சபை ஒரு காலத்தை வைத்திருக்கிறது. அது டிசம்பர் 25இல் தொடங்குகிறது. எண்கிழமை முழுவதும் விழா. தொடர்ந்து சனவரி முதல் நாளில் இறையன்னைப் பெருவிழா, பின் மூன்றரசர் திருநாள், அதன்பின் ஆண்டவரின் திருமுழுக்கு வரையில் கிறிஸ்து பிறப்புக் காலம்தான். அந்நாட்களில் நம் பங்குகளின் நிலை என்ன? 26ஆம் நாள் காலைத் திருப்பலிக்கு வருவோரை விரல்விட்டு எண்ணலாம். பாடகர் குழுவினருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மூன்றரசர் திருநாளன்று குடிலில் ஒட்டகம் வந்து சேரும்போது பார்க்க ஆளில்லை. உண்ண வேண்டிய நாளில் பசியின்றிப் போகும்படி, விரதநாள் முழுவதும் விருந்து உண்டுவிடுகிறோம்.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. நம் மாநிலத்துப் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் டிசம்பர் 24ஐ ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டு வரை நீள்கிறது. அதாவது, பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாட்கள் திருவருகைக் காலத்திலும், ஆடிப்பாட ஓய்வுள்ள நாட்கள் எண்கிழமையிலும் அமைந்திருக்கின்றன. திருச்சபையின் நாட்காட்டியும் கல்வித்துறையின் நாட்காட்டியும் யாரும் ஏற்பாடு செய்யாமலே ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதது பங்கின் நாட்காட்டி ஒன்றே.

பாடல் பவனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மனத்தாங்கல் மிகுதியாக எழக்கூடிய இடம் அது. இறைமகன் பிறந்தார் என்று வீடுவீடாகச் சென்று பாடுவது அழகிய வழக்கம். பிறந்தபின் சென்று பாடினால் அது நற்செய்தி. டிசம்பர் பத்தாம் நாள் இரவு ஒரு மணிக்குச் சரக்குந்தின் மேல் மின்னாக்கியும் பறையும் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்மஸ் தாத்தா முகமூடி அணிந்தவர் முன்னே ஆட, காய்ச்சலில் கிடக்கும் முதியவரின் சன்னலருகே நிகழ்வதை எந்தச் சொல்லால் அழைப்பது? இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். விழா நாட்களுக்கு மாநில அரசு தளர்வு அளித்தாலும் அது நள்ளிரவோடு நின்றுவிடுகிறது. பிற சமய விழாக்களின் ஒலிபெருக்கிகளைப் பற்றி நாம் முறையிடும்போது இவ்விதிகள் நமக்கு நன்றாகவே நினைவுக்கு வருகின்றன.

குடில் போட்டியும் அவ்வாறே. அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அமைத்த குடிலில் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் இருந்தன. பாலகனுக்கோ மரியாவுக்கோ சூசைக்கோ சுரூபம் இல்லை. தீப்பந்தங்களோடு வந்த ஊர்மக்களே அங்கே நின்றார்கள். தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேறியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளில் அதே கிரேச்சோவுக்குச் சென்று குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டபோது, இல்லங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிக் குடில் அமைக்கும் வழக்கம் தொய்ந்துவிடாதிருக்க ஊக்கமளித்தார். கூடி அமைப்பதே அதன் பயன். அதற்கு நடுவர்களையும் மதிப்பெண்களையும் முதற்பரிசாக ஒரு மின்விசிறியையும் வைத்தபின், அருவி பாயும் குடிலுக்கும் தொடர்வண்டி ஓடும் குடிலுக்கும் இடையே வறுமையில் பிறந்தவருக்கு இடம் கிடைப்பதில்லை. முதல் பெத்லகேமிலும் அவருக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி.

காத்திருத்தல் என்பது வெறும் வழிபாட்டுச் சொல் என்று எண்ணுவோர்க்கு நம் கடலோரத்தைக் காட்ட விரும்புகிறோம். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டியது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அவ்வாண்டு டிசம்பர் 3. ஆழ்கடலுக்குச் சென்றவர்களுக்காக நம் மீனவ ஊர்களில் தாய்மாரும் மனைவியரும் அந்த மாதம் முழுவதும் கடலைப் பார்த்துக் காத்திருந்தனர். பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. அவ்வூர்களில் அவ்வாண்டு விழாக்கோலம் இல்லை. ஆயினும் திருவருகைக் காலத்தின் இறைவாக்கினர் வாசகங்களை, நம் நாட்டில் வேறெவரையும் விட அந்தப் பெண்கள் புரிந்துகொண்டிருப்பர்.

எண்கிழமையும் நாம் நினைப்பது போல் வெறும் ஓய்வு நாட்கள் அல்ல. 26இல் முதல் மறைசாட்சி முடியப்பர், 28இல் ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகள். இடையே வரும் ஞாயிறு திருக்குடும்ப விழா. 2004இல் அந்த ஞாயிறு டிசம்பர் 26ஆகவே அமைந்தது. அன்றைய நற்செய்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சூசையும் மரியாவும் எகிப்துக்கு ஓடிய பகுதி. அன்று காலையில்தான் வேளாங்கண்ணியிலும் நாகையிலும் குளச்சலிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நம் மக்கள் ஓடினார்கள். அந்தக் கரையோரப் பங்குகளில் இன்றும் டிசம்பர் 26 நினைவுத் திருப்பலிக்குரிய நாள். உள்நாட்டுப் பங்குகளில் அன்று தோரணம் அவிழ்க்கிறார்கள்.

திருக்குடும்பம் என்றவுடன் சூசையப்பரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பேசாத மனிதரைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடினார். பங்குக் கூட்டங்களில் பேசாதிருக்கும் தந்தையரையும் தாய்மாரையும் பற்றி நாம் அவ்வளவு விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அவர்களது டிசம்பர் மாதத்து நான்கு வாரங்களைத் திருப்பித் தந்தால் போதும்.

"பிற சமயத்தார் டிசம்பரிலேயே நம்மிடம் விழாவை எதிர்பார்க்கிறார்களே" என்பார் சிலர். அண்டை வீட்டார் எதிர்பார்ப்பது பலகாரத் தட்டையும் அன்பான அழைப்பையும்தான். அவை 27ஆம் நாளில் சென்றாலும் கசக்காது. "25க்குப்பின் இளைஞர்கள் வர மாட்டார்கள்" என்பது இன்னொரு வாதம். வருவார்கள். விடுமுறை நாட்கள், தேர்வும் இல்லை, பனியும் கொட்டுகிறது, பவனிக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். பாடல் பவனி 26ஆம் நாள் மாலை தொடங்கி மூன்றரசர் திருநாள்வரை, ஒலிபெருக்கியின்றி, இரவு பத்து மணிக்குள் நடக்கட்டும். கலைநிகழ்ச்சியும் அன்பியப் போட்டிகளும் எண்கிழமைக்குச் செல்லட்டும். டிசம்பரில் கதவைத் தட்டும் நான்கு வசூல்களும் ஒன்றாகட்டும். அதுவும் இயன்றவரிடம் மட்டும். திருவருகைக் காலத்தின் மாலைகளில் வாரத்துக்கு ஒன்றைத் தவிர வேறெந்தக் கூட்டத்துக்கும் பங்கு எவரையும் அழைக்காதிருக்கட்டும். அந்த ஒன்றும் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக இருக்கட்டும். 24ஆம் நாள் மாலையில் நீண்ட வரிசையில் நின்று அவசரமாகப் பாவம் சொல்லும் அவலம் அதனால் குறையும்.

பங்குப் பேரவைகள் கிறிஸ்து பிறப்பு விழா ஏற்பாட்டுக்காக வழக்கமாக நவம்பரில் கூடுகின்றன. அக்கூட்டத்துக்குப் பதவி எதுவும் இல்லாத தாய்மார் இருவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்தி, அட்டவணையை முதலில் அவர்கள் கையில் கொடுப்போம். சிவப்பு மையுள்ள எழுதுகோல் ஒன்றும் கொடுப்போம்.